முதல் வெட்டு

காலை ஏழு மணி. தேவசகாயத்தின் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு நின்றிருந்தது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை விட்டு விலகி, சவுக்குத் தோப்புக்கு நடுவே அந்த மரவாடி. கடலோரத்தில் எழும்பும் ஒரு விடுதிக்காக, கப்பலில் வந்த மரங்கள் முந்தின நாள் இறங்கியிருந்தன. அவை எந்தக் காட்டில் வெட்டப்பட்டவை என்று சரிபார்ப்பது தேவசகாயத்தின் வேலை. அவற்றில் ஒன்று அடுக்கிலிருந்து உருண்டு அவர் மார்பின்மேல் கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ரோகிணி குனிந்தாள். இரவு மழை பெய்து தரை சேறாகியிருந்தது. இறந்தவரின் சட்டையிலும் முகத்திலும் காய்ந்த, சிவந்த மரத்தூள்.

உரிமையாளர் தீனதயாளன் கைகட்டி நின்றார்.

"ஆறரைக்கு வந்தேன் மேடம். பார்த்தேன். போன் போட்டேன். எதையும் தொடல."

"எப்படி விழுந்துது?"

"அடுக்குக்கு முட்டுக் குடுக்கற ஆப்ப இந்தச் சின்னையன் ஒழுங்கா அடிக்கல. நேத்து அடுக்கினவன் இவன்தான்."

"இன்னா மொதலாளி, இப்டிச் சொல்ற?" பின்னால் நின்ற கூலியாள் சின்னையன் முன்னால் வந்தான். "நா அடிச்ச ஆப்ப ஆன வந்தாதான் புடுங்கும்."

"ஜெயில்ல போய்ச் சொல்லு. கம்பி எண்ணிக்கினே சொல்லு."

ரோகிணி சின்னையனை ஜீப்பில் உட்காரச் சொன்னாள். பிறகு மரங்களைப் பார்த்தாள். எல்லாவற்றின் வெட்டுமுகமும் காய்ந்து வெடித்து, சாம்பல் நிறமாக இருந்தது. விழுந்த மரத்தின் ஒரு முகம் மட்டும், இறந்தவரின் தோளருகே, பச்சைப் புண்போல் சிவந்திருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"கப்பல்ல ஏத்தும்போதே வெட்டி அனுப்பிச்சிருப்பாங்க மேடம்." அவர் வாசல் பக்கம் பார்த்தார். "இன்னிக்கி அறுக்க ஆரம்பிச்சாகணும். பாடிய எடுத்ததும் மரத்த ரம்ப மேசைல ஏத்திடலாமா?"

அறுத்துவிட்டால் பலகை. பலகைக்கு ஊர் கிடையாது.

"இருங்க."

அந்த மரத்தின் ஈரப்பட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது. மேலே தூள் படிந்து, நிறத்தோடு நிறமாக.

தேவசகாயத்தின் கைபேசியில் ஒரே எண் திரும்பத் திரும்ப இருந்தது. ரோகிணி அழைத்தாள். விடுதிக்கு மரம் வாங்கும் ஜெனிட்டா எடுத்தாள். ரோகிணி நடந்ததைச் சொன்னாள்.

"அவருக்கு யாரும் இல்ல மேடம். சாப்பிட்டாச்சுன்னு சொல்றதுக்குக்கூட எனக்குத்தான் பண்ணுவாரு."

"நேத்து என்ன சொன்னாரு?"

"எல்லா மரத்துலயும் எந்தக் காடுன்னு காட்டற முத்திரைய அழிச்சிருக்காங்க, ஒண்ணுல மட்டும் தப்பிச்சிருக்குன்னாரு. ஒரு தீவுல, வெட்டவே கூடாத காடாம். முன்ன ஒருதரம் அங்க போயிருக்காரு. மரத்த இழுத்து இழுத்து ஆறு சேறாயிட்டுது, குடிக்கத் தண்ணியில்ல, எதிர்த்தவங்கள அடிச்சாங்க, இப்ப ஊரே காலின்னாரு. இருட்டிட்டுது, காலைல போட்டோ எடுத்து அனுப்பறேன்னாரு. அனுப்பல."

ரோகிணி ஜீப்புக்குப் போனாள்.

"சின்னையா, புது லோடு வந்தா மொத வெட்டு யாரு?"

"மொதலாளிதான். மஞ்ச குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டிட்டுதான் ரம்பத்தத் தொடுவாரு. வேற எவனும் பொட்டு வெக்கக் கூடாது. அவங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான்."

"இந்த லோடுக்கு ஆச்சா?"

"எங்க ஆச்சி? இனிமேதான் பூச. தேங்கா வாங்கியாரணும். நீங்க இங்க குந்த வெச்சிட்டீங்க."

அவள் திரும்பி வந்து மரத்தருகே நின்றாள்.

"பூசைய முடிச்சிட்டீங்கபோல."

தீனதயாளன் அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். பொட்டை அப்போதுதான் பார்ப்பவர்போல் இருந்தார்.

"கப்பல்லயே வெட்டினதுன்னா இங்க தூள் இருக்காது. நேத்து வெட்டியிருந்தா மழை கரைச்சிருக்கும். இவர்மேல காஞ்ச தூள். அதனால மழை விட்டு, இவர் விழுந்தப்புறம் வெட்டினது. பொட்டு மேலயும் அதே தூள். இங்க பொட்டு வெச்சி வெட்டற கை ஒண்ணுதான். நீங்க தொடலன்னு சொன்ன மரம் இது. முத்திரைய இவர் பாத்துட்டாருன்னு ஆப்பத் தட்டிவிட்டதும் நீங்கதான். முத்திரை இருந்த துண்டு எங்க?"

"எரிச்சிட்டேன்" என்றார் தீனதயாளன். "லோடு போனா வாடி போச்சு மேடம். அவர் கேக்கல. எவ்வளவோ சொன்னேன்."

"பொட்டு?"

"கை தானா போயிடுச்சு."

ரோகிணி மரங்களுக்குப் போலீஸ் முத்திரை வைக்கச் சொன்னாள். சின்னையன் ஜீப்பிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் வாசலில் நின்றான். ஆட்கள் மரத்தைத் தூக்கினார்கள். உடலோடு போக யாரும் வந்திருக்கவில்லை. அதற்குள் வந்துசேர்ந்திருந்த மருத்துவர் இறந்தவரின் வாயைத் திறந்து விளக்கடித்தார். ரோகிணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் தீனதயாளனிடம் வந்தாள்.

"தொண்டை வரைக்கும் தூள். மூச்சு இழுத்திருக்காரு. நீங்க ரம்பம் ஓட்டும்போது உயிரோட இருந்திருக்காரு."

சவுக்குத் தோப்பில் காற்று அடித்தது.

"அந்த நேரத்துல யாரைக் கூப்பிட்டாரு?"