வியாழக்கிழமை பத்து மணிக்கு மட்டும்

கார்லீன் பெட்ரி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லோவெல் டிபெட்ஸைத் தேடி வந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம். கண்ணைப் பார்த்தாலே இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவள் என்று தெரிந்தது. வாடகை ஏறிப்போய் வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து தன் பழைய பிக்கப் வண்டியின் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்து நான்கு. முழங்கால் வேறு ஒத்துழைப்பதில்லை.

லோவெல் முப்பத்தெட்டு வருடம் டிரெய்லர்களைப் பழுதுபார்த்தவர். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற அந்தச் சின்ன வீடுகளில் எது நல்லது, எது சாயம் பூசிய குப்பை என்று வாங்குபவர்களுக்குச் சோதித்துச் சொல்வதுதான் இப்போது அவர் பிழைப்பு. பாலைவன ஊரான குவார்ட்சைட்டில் குளிர்காலம் பூராவும் அவருக்கு ஆள் வந்துகொண்டேயிருக்கும். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச நாலு டிரெய்லர் தள்ளிக் குடியிருக்கும் மேவிஸ் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், காலையில் காப்பியோடு கொலைச் செய்திகளைப் படிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

"சனிக்கிழமை நான் வேலைல சேரணும் சார்," என்றாள் கார்லீன். "ஆத்தங்கரைப் பூங்காவுல, முகாம் போட வர்றவங்களப் பாத்துக்கற வேலை. நிறுத்த இடம், தண்ணி, கரண்டு எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க. ஆனா தங்கறதுக்கு சொந்த டிரெய்லர் கொண்டாரணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"எத்தனை பாத்தீங்க?"

"பதினொண்ணு. எல்லாம் ஒழுகின வண்டி. கால வெச்சா தரை பால்ல நனைச்ச ரொட்டி மாதிரி அமுங்குது. இது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

லாண்டரி கடையின் அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்து வந்த காகிதத்தை நீட்டினாள். இருபத்து மூன்று அடி டிரெய்லர், நல்ல நிலைமை, ஆறாயிரம் டாலர். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் வரவும். கூப்பிட வேண்டாம்.

"ஆறாயிரமா!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேவிஸ் காப்பியைக் கீழே வைத்தாள். "அடி ஆத்தி! இதுல கண்டிப்பா ஒரு பொணம் இருக்கு."

"மேவிஸ், சும்மா இரு," என்றார் லோவெல். "நீங்க சொல்லுங்கம்மா."

"போன வியாழன் போனேன். எமரி லின்ட்குவிஸ்ட்னு ஒரு பெரியவர். பத்து நிமிஷங்கூடக் காட்டல. அடுத்த வியாழன் பணத்தோட வா, மாட்டிக்கிட்டுப் போயிரு, திரும்ப இந்தத் தெருப் பக்கமே கொண்டாராதேன்னார். வீட்டுல வேற யாரும் இல்லியான்னு கேட்டேன். சம்சாரம் ஒஹையோல தங்கச்சி வீட்டுல இருக்கான்னார்." அவள் குரல் இறங்கியது. "எங்கிட்ட இருக்கறதே அந்த ஆறாயிரந்தான் சார். இதுல ஏமாந்தேன்னா சாகற வரைக்கும் அந்தப் பின்சீட்டுதான்."

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது தானமில்லையே. லோவெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரும் கூப்பிடாமலே மேவிஸும் கிளம்பினாள், டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியுமாக.

எமரியின் வீடு தெருக்கோடியில் இருந்தது. பக்கத்திலேயே வெள்ளை டிரெய்லர். பத்து அடிக்க இரண்டு நிமிடம். லோவெல் பிக்கப்பை விட்டு இறங்காமல் டிரெய்லரின் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன தேடறே?" என்றாள் மேவிஸ்.

"விற்பனைக்குன்னு ஒரு அட்டை. இந்த ஊர்ல ஓட்டை நாற்காலி விக்கறவன்கூட சன்னல்ல அட்டை மாட்டுவான். இவர் மாட்டல."

எமரிக்கு எண்பதை ஒட்டி வயது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். கூட இரண்டு பேரைக் கண்டதும் முகம் சுருங்கியது. "சீக்கிரம் பாருங்க. பதினொண்ணுக்கு மேல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

லோவெல் முதலில் காகிதங்களை வாங்கினார். பதிவு எமரியின் பேரில் இருந்தது, வண்டியில் அடித்த எண்ணும் பொருந்தியது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, வெறுங்காலால் தரை பூராவும் அடிமேல் அடி வைத்து நடந்தார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினார். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஏணி போட்டுக் கூரையைத் தடவினார். ஓர் இடத்தில்கூட ஈரம் பட்ட அறிகுறி இல்லை. கார்லீன் வாசலிலேயே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வேறு சில விஷயங்கள் இருந்தன. அடுப்பில் கேஸைத் திறக்கிற திருகு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். கதவுக்கு வெளிப்பக்கம், ஆள் உயரத்துக்கும் மேலே, புதிதாக ஒரு தாழ்ப்பாள். உள்ளே இருக்கையில் பெண்கள் வைத்துக்கொள்ளும் கைப்பை ஒன்று. அதில் சீப்பு, பல் துலக்கும் பிரஷ், கம்பளிச் சட்டை. பக்கத்தில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ரொட்டித் துண்டு, ஒரே ஒரு கடி கடித்தது.

லோவெல் ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார்.

கதவில் எல்லார் டிரெய்லரிலும் இருக்கிற அதே வரைபடம். எந்த மாநிலத்தில் டிரெய்லரோடு ஓர் இரவாவது தங்கினோமோ, அந்த மாநிலத்துக்கு வண்ண வில்லையை வாங்கி ஒட்டுவார்கள். ஹவாய்க்குச் சாலை இல்லாததால் அந்த இடம் எப்போதும் காலிதான். எமரியின் கதவில் மற்ற எல்லாமே ஒட்டியிருந்தன. வெயிலில் வெளுத்துப்போன வில்லைகளுக்கு நடுவே அலாஸ்கா மட்டும் பளபளவென்று சிவப்பாக இருந்தது.

கடைசியாக அவர் தரையில் உட்கார்ந்து டயர்களைப் பார்த்தார். சுற்றிலும் விரலால் தடவினார். பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். பிறகு கதவிலிருந்த வரைபடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

மேவிஸ் அவர் காதருகே குனிந்தாள். "எனக்குத் தெரிஞ்சு போச்சு லோவெல். வெளியில தாப்பா. சம்சாரம் ஒஹையோவாம்! ஒஹையோவுக்குப் போற பொம்பள கைப்பைய விட்டுட்டா போவா? இந்த ஆளு அந்தம்மாவ உள்ள வெச்சுப் பூட்டிக் கொன்னுட்டான்யா. போலீசக் கூப்பிடு."

"செத்தவங்க இன்னிக்குக் காலைல ரொட்டி கடிக்க மாட்டாங்க மேவிஸ். அது இன்னும் மெத்துனு இருக்கு. இந்தக் காத்துல ரெண்டு மணி நேரத்துல வறட்டியாயிடும்."

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். கைக்கடிகாரத்தில் பத்து முப்பது.

"கார்லீன், டிரெய்லர்ல ஒரு குறையும் இல்ல. நான் பாத்ததுலயே நல்ல வண்டி. குறையெல்லாம் இவர் சொன்ன கதையிலதான்." எமரியின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க சம்சாரம் ஒஹையோல இல்ல. இந்த வீட்டுலதான் இருக்காங்க. வியாழக்கிழமை பத்திலிருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் எங்கேயோ போறாங்க. சரிதானே?"

எமரி மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விக்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் அட்டை மாட்டல, யாரும் கூப்பிடவும் கூடாதுன்னீங்க. அப்ப சம்சாரத்தை ஏமாத்தி விக்கறீங்களோன்னு முதல்ல எனக்குத் தோணுச்சு. ஏமாத்தறவன் நல்ல விலைக்குத்தானே விப்பான்? அப்புறம் டயரப் பாத்தேன். பக்கத்துல அடிச்ச எண்ணுப்படி போன வருஷம் மார்ச் மாசம் செஞ்ச டயர். புது டயர்ல முள்ளு முள்ளா ரப்பர் முடி நிக்கும், அம்பது மைல் ஓடினா தேஞ்சு போயிரும். இதுல ஒரு முடிகூடத் தேயல. ரப்பர் வெயில்ல வெளுத்திருக்கறதப் பாத்தா போன கோடைக்கு முன்னாடியே மாட்டினது, ஆனா மாட்டின இடத்த விட்டு நகரவே இல்ல."

"நகரலேன்னா என்ன?" என்றாள் மேவிஸ்.

"அலாஸ்கா வில்லை அதை விடப் புதுசு. இந்த ஊர் வெயில்ல ஒரே ஒரு கோடை பட்டாலே அந்தச் சிவப்பு ரோஸ் கலராயிடும். அதாவது, வண்டி நகராம நின்ன அப்புறம் யாரோ அலாஸ்கா போயிட்டு வந்ததா ஒட்டியிருக்காங்க. நாப்பத்தெட்டு மாநிலம் சுத்தினவங்க, தங்காத ஊருக்கு வில்லை ஒட்டுவாங்களா? உயிரே போனாலும் ஒட்ட மாட்டாங்க. வாங்க வர்றவங்களுக்கு அதனால பத்து பைசா லாபமில்ல. அப்ப அந்தப் பொய் யாருக்கு? தினமும் இந்தக் கதவு முன்னாடி வந்து நிக்கற ஒருத்தருக்கு. அடுப்புல திருகு இருந்தா திறந்து விட்டுட்டு மறந்துடற ஒருத்தருக்கு. தாப்பாளைக் கைக்கெட்டாத உயரத்துல போட்டும் இன்னிக்குக் காலைல எப்படியோ உள்ள வந்துட்ட ஒருத்தருக்கு."

எமரி டிரெய்லரின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாற்காலி போட்டு ஏறித் திறக்கறா," என்றார். "விவியன். அறுபது வயசுக்கு மேலதான் ஊர் சுத்த ஆரம்பிச்சோம். அலாஸ்கா மட்டும் பாக்கி. ஜூன்ல கிளம்பறதா இருந்துச்சு, அதுக்காகத்தான் டயர் மாத்தினேன். மே மாசம் ஒரு நாள் காப்பி குடுத்தேன். வாங்கிக்கிட்டு, நீங்க ரொம்ப நல்லவர், யார் நீங்கன்னு கேட்டா."

லோவெல் தொப்பியைக் கழற்றினார்.

"தினம் அஞ்சு மணிக்கு எழுந்து கைப்பையோட இங்க வந்து உக்காந்துக்குவா. எப்பக் கிளம்பறோம்னு கேப்பா. ஆகஸ்ட்ல நான் அசந்து தூங்கிட்டேன். பதினொரு மணிக்குக் கண்டுபிடிச்சேன், உள்ள அடுப்பு மாதிரி இருக்கு, இவ நினைவில்லாம கிடக்கா. டாக்டர் இன்னும் அரை மணி நேரம்னா முடிஞ்சிருக்கும்னார். அப்பத்தான் தாப்பா போட்டேன். அதுவும் எடுபடல."

"அதுக்குத்தான் அலாஸ்கா வில்லையா?" என்றாள் கார்லீன் மெதுவாக.

"போயிட்டு வந்தாச்சு விவியன், பாருன்னு போன மாசம் ஒட்டிக் காட்டினேன். இனிமே காத்திருக்க மாட்டான்னு நினைச்சேன்." அவர் அந்தச் சிவப்பு வில்லையைக் காட்டினார். "அவ அதையே தடவிப் பாத்துட்டு, அய்யோ, எனக்கு ஏன் ஒண்ணுமே ஞாபகமில்லேன்னு அழுதா. அன்னிக்குப் பூரா அழுதா. நான் பாவி. மறுநாள் அழுததும் மறந்து போச்சு. அஞ்சு மணிக்குப் பையோட வந்து உக்காந்துட்டா."

மேவிஸ் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். கொலைகாரன் என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கார்லீன் பணக் கவரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "நான் எப்படிங்க ஐயா இதை எடுத்துட்டுப் போவேன்? அவங்களோட வண்டி இது."

"எடுத்துட்டுப் போம்மா," என்றார் எமரி. "உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னும் மூணு மாசத்துல வெயில் வந்துரும். எனக்கு வயசாச்சு, மறுபடியும் அசந்து தூங்குவேன். ஒரே மணி நேரந்தான், சர்ச்சுல பாட்டுப் பாடக் கூட்டிட்டுப் போறாங்க. அவ வர்றதுக்குள்ள போயிடணும்."

கார்லீன் லோவெலைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கவரைக் கொடுத்து, எமரி கையெழுத்துப் போட்ட காகிதங்களை வாங்கிக்கொண்டு பிக்கப்பில் ஏறினாள். எமரி விவியனின் கைப்பையை எடுத்து வீட்டுக்குள் வைத்தார்.

பிக்கப்பைப் பின்னால் எடுத்து மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. பிக்கப்பின் பின்னாலிருக்கிற இரும்புக் குண்டு டிரெய்லரின் மூக்குக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். கார்லீன் இதுவரை டிரெய்லர் மாட்டியதே இல்லை. ஒரு முறை இடது பக்கம் போனாள், ஒரு முறை வலது பக்கம். லோவெல் ஒன்று சொல்ல, மேவிஸ் ஒன்று கத்த, அவள் வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டாள். பத்து நாற்பத்தைந்துக்கு வாசலில் சர்ச் வண்டி வந்து நின்றது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அம்மாளுக்குக் காய்ச்சலாம், சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

நீலச் சட்டை போட்ட ஓர் அம்மாள் இறங்கினாள். எமரி வெளிறிப் போனார்.

விவியன் நேராக டிரெய்லரை நோக்கி நடந்து வந்தாள். வண்டியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், குண்டைப் பார்த்தாள். "யாரும்மா ஓட்டறது? இவங்க பேச்ச விடு, கண்ணாடில என் கையை மட்டும் பாரு," என்றாள். பின்னால் ஓட்டுநர் பக்கமாகப் போய், கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். இடது கை லேசாக அசைந்தது. கார்லீன் திருப்பினாள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன, இன்னும் ஒரு சாண், நாலு விரல், இரண்டு விரல். கை மூடியது. கார்லீன் நிறுத்தினாள். குண்டு மூக்குக்கு நேர் கீழே நின்றது. விவியனே கைப்பிடியைச் சுற்றி மூக்கை இறக்கினாள், பூட்டு ஊசியைச் சொருகினாள், சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போட்டாள், விளக்கு வயரை மாட்டினாள். எதற்கும் அவள் யோசிக்கவில்லை. "இப்பப் போம்மா. பாத்துப் போ," என்று கதவைத் தட்டினாள்.

கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். டிரெய்லர் தெருவைத் தாண்டித் திரும்பும்வரை விவியன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற எமரியைப் பார்த்தாள்.

"நீங்களும் டிரெய்லர் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருந்தேன்."

"வீட்டுக்காரம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப சரி. மாட்டும்போது அவங்களப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க. தனியா மாட்டாதீங்க. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான், நான் இல்லேன்னா அவருக்கு ஒண்ணும் ஓடாது."

"ஆமாம்மா," என்றார் எமரி. "அவருக்கு ஒண்ணுமே ஓடாது."