பின்னறையில் படிக்கிறவர்

தலைமை அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். அவளுக்கு அதில் பெருமைதான். எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் அலமாரியில் பாதியைக் கழித்துக்கட்டிவிட்டுத்தான் திரும்புவாள். கிழிந்ததா, வெளியே போடு. வருடக்கணக்கில் யாரும் எடுக்கவில்லையா, வெளியே போடு. புத்தகத்தைக் கண்டு உருகுகிற ஜென்மங்களை அவளுக்குப் பிடிக்காது.

அன்று மத்தியானம் அவள் போய் இறங்கியது அக்கா வேலை பார்க்கும் கிளையில். பழைய மாடிவீட்டின் கீழ்த்தளம். வெளியே மழைமூட்டம், உள்ளே நனைந்த காகிதத்தின் புழுங்கல் நாற்றம். மேசைக்குப் பின்னாலிருந்து அக்கா பாதி எழுந்து நின்றாள். அந்தப் பாதியைப் பார்த்ததுமே தங்கைக்கு எரிச்சல் வந்தது. முழுசாக எழக்கூடத் தெரியாத அசடு. பதவி உயர்வு வீடு தேடி வந்தபோதும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவள்.

முன்னறை சீக்கிரமே முடிந்துவிட்டது. பின்னறைக்குள் நுழைந்தாள்.

ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, கூரை வரை அலமாரி. தேனீ நோய்கள், சாயப் பட்டறைகளின் வரலாறு, யாரோ ஒரு நீதிபதி பாகம் பாகமாக எழுதித் தள்ளிய சுயசரிதை. ஒன்றுகூட வெளியே போனதில்லை. ஆனால் எதிலும் தூசி இல்லை. பக்க ஓரங்கள் மட்டும் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தன.

“இந்த ரூமை மட்டும் விட்டுடுடி,” அக்கா கிசுகிசுத்தாள்.

“ஏன்?”

“படிக்கிறாங்க.”

“யாரு?”

அக்கா காலி நாற்காலியைப் பார்த்தாள். “கண்ணால பார்த்ததில்ல. முணுமுணுன்னு வாசிக்கிற சத்தம் கேட்கும். படிக்க ஏதாவது இருக்கிற வரைக்கும் அது யார் வம்புக்கும் வராது.”

தங்கை சிரித்தாள். “இதை வெளிய சொல்லித் தொலைக்காத. உன்னையும் சேர்த்துக் கழிச்சிடுவாங்க.”

சுமைக்காரர்கள் வந்தார்கள். காகித ஆலைக்குப் போகிற வண்டியில் மூட்டை மூட்டையாக ஏறியது. கடைசியாக அவள் கையில் எடுத்த புத்தகம் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அந்த நிமிடம்தான் கீழே வைத்ததுபோல. அதையும் தூக்கிப் போட்டாள்.

வண்டி கிளம்பிப் போனது. அறை மொட்டையாக நின்றது.

அப்போதுதான் கேட்டது.

பக்கம் புரட்டுகிற சத்தம்.

அந்த அறையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அவள் காதுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ பட்டது. எச்சில் தொட்ட விரல் நுனி. சில்லென்று.

பிறகு குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, தொண்டை கட்டிய குரல். பிள்ளைகள் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தது.

“அக்காவைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அம்மா படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியது அக்காதான் என்று எல்லாரும் சொல்ல, அதை அவளால் பொறுக்க முடியவில்லை. அம்மா செத்தபோது அக்காவும் கூடவே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்தாள்.”

வாசலில் அக்கா நின்றிருந்தாள். முழுசாக நிமிர்ந்து நின்றிருந்தாள்.

“நிஜமாவா?” என்றாள்.

குரல்தான் பதில் சொன்னது.

“ப்ச்,” என்று சலித்துக்கொண்டது. பக்கம் புரண்டது.

அவள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தாள். அக்கா கூப்பிடவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். “அக்கா, அது என்கூடவே வந்துடுச்சு. அந்தப் புத்தகத்தையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தா போயிடுமா?”

“இந்நேரம் கூழாக்கியிருப்பாங்க.” அக்கா ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. “இங்க இப்ப நிம்மதியா இருக்குடி,” என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது, புருஷன் மென்று தின்கிற விதத்தைப் பற்றி அவள் வருடக்கணக்காக மனசுக்குள் நினைத்ததை அது ஒரு வரி விடாமல் வாசித்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரியின் முறை. அதற்குப் பிறகு யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

கடை கடையாக ஏறி இறங்கிப் புதுப் புத்தகங்களை வாங்கி வந்து வீடு முழுக்கப் பரப்பினாள். “இதைப் படி, இதைப் படி,” என்று காற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். அது ஒன்றையும் சீண்டவில்லை.

பயத்தைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. அதற்கு அவளைப் பிடிக்கவே இல்லை.

அவள் வாழ்க்கையை வருடம் வருடமாகப் புரட்டித் தாண்டியது. பள்ளிக்கூடம், ப்ச். கல்யாணம், ப்ச். முதல்முறை பதவி உயர்ந்த நாளில் கொட்டாவி விட்டது. நீதிபதியின் அத்தனை பாகத்தையும் அலுக்காமல் படித்தது, அவள் வாழ்க்கையில் நாலு வரிக்கு மேல் நிற்கவில்லை.

ஒரு நாள் காலை. கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

பக்கங்கள் கட்டுக்கட்டாகப் புரண்டன. நேற்றைத் தாண்டின. “அவள் சீப்பை எடுத்தாள்” என்று வாசித்தது. அதையும் தாண்டி, அவள் இன்னும் வாழாத பக்கங்களுக்குப் போனது.

சட்டென்று நின்றது.

“அட,” என்றது.

அவள் கையில் சீப்பு அப்படியே நின்றது. “என்ன?” என்றாள். “என்ன இருக்கு அதுல?”

அது வாய்விட்டு வாசிப்பதையே நிறுத்திவிட்டது. பக்கம் மட்டும் புரண்டது. மெதுவாக, ருசித்து, ஒன்றைக்கூடத் தாண்டாமல்.