உப்புத் தண்ணீரில் மலைக் குருவி

ஆம்புரோஸின் மூச்சுக்கு மத்தியாஸ் பேசி முடித்த விலை, ஒரு நடைக்குப் பதினைந்து வெள்ளி. மதியச் சோறு தனி. ஆம்புரோஸ் இருபதில் ஆரம்பித்தான், மத்தியாஸ் பத்தில் ஆரம்பித்தான், இரண்டு பேருமே பதினைந்தில்தான் வந்து நிற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள். தங்கச்சி புருஷனுக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்தால் அது தர்மம் போட்ட மாதிரி ஆகிவிடும் என்பது மத்தியாஸின் கட்சி.

அது போன வருஷம், எண்பத்து மூன்றில். இப்போது ஈப்போவின் சிலிபினில், விடிந்தும் விடியாத நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மத்தியாஸின் காதில் ஒரு மலைக் குக்குறுவான் கத்தியது.

மலைக் குக்குறுவான் தைப்பிங் மலை உச்சியில், மழை ஓயாத மூட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிற பச்சைக் குருவி. ஈப்போவில், சாக்கடை நாற்றமும் பக்கத்து வீட்டு நெத்திலி வறுக்கிற வாசமும் கலந்து வருகிற இந்தச் சந்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. குட்ரூ, குட்ரூ, குட்ரூ. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சின்ன 'ஸ்ஸ்', முன்பல் விழுந்த வாயிலிருந்து காற்று கசிவது போல. பற்பசை நுரை அவன் தொண்டைக்குள் இறங்கியது. அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஒன்றுமில்லை. முருங்கை மரத்தில் ஒன்றுமில்லை.

சத்தம் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது.

அவன் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளிக்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அவன் தொழில் வெள்ளைக்காரர்களுக்குக் குருவி காட்டுவது. இங்கிலாந்திலிருந்து கழுத்தில் தூரக்கண்ணாடியோடு வந்து இறங்குகிறவர்களைத் தன் பழைய டட்சன் வேனில் ஏற்றி, ஒரு நாள் தைப்பிங் மலைக்கும் ஒரு நாள் பாரிட் புந்தார் பக்கம் கோலா குலாவின் சேற்றுக் காட்டுக்கும் கூட்டிப்போவான். அங்கே பாக்காவ் மரங்கள் அலை ஏறும் சேற்றில் கால் கால்களாக வேர் ஊன்றி நிற்கும். அந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. குருவியைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. காதால் கேட்டாலும் கணக்கில் சேரும். பார்த்தது முழு விலை, கேட்டது அரை விலை. அரை விலைச் சரக்கைக் கையால் செய்துவிட முடியும் என்று கண்டுபிடித்தவன் மத்தியாஸ்.

ஆம்புரோஸ் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவன். இருட்டு மர நிரையில் நின்று, முன்பல் ஒன்று போன வாயால் எந்தக் குருவி போலவும் கத்தி, அடுத்த நிரைக்காரனை அலற வைப்பான். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றதும் வேலை போய்விட்டது. மத்தியாஸ் அவனைப் படகில் முன்கூட்டியே கொண்டுபோய்ப் பாக்காவ் வேர்களுக்கு நடுவில் உட்கார வைப்பான். வாடிக்கையாளர்களோடு திரும்பி வந்து, "ஷ்ஷ்..." என்று விரலை உதட்டில் வைப்பான். சேற்றுக்குள் மறைந்து வாழும் ஏதாவதொரு அபூர்வக் குருவி உடனே கத்தும். வெள்ளைக்காரர்கள் கண் கலங்கிப் போவார்கள். தங்கச்சி அகதாவுக்குத் தெரிந்ததெல்லாம், தன் புருஷன் அண்ணனுக்குச் சாமான் தூக்கப் போகிறான் என்பதுதான்.

"தண்ணி ஏறிடுச்சுன்னா?" என்று முதல் நாளே கேட்டான் ஆம்புரோஸ். "எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்."

"கத்து. வாரேன்."

"என்னன்னு கத்த? 'ஐயோ மச்சான்'னு கத்துனா ஒன் யாவாரம் படுத்துரும்லா."

அவனே யோசித்து ஒரு வழி சொன்னான். மலைக் குக்குறுவான். உப்புத் தண்ணீரில் மலைக் குருவி கத்தாது. அது கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். மத்தியாஸ் படகை எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

பிறகு ஒரு நாள், வழக்கத்தைவிட உயரமாக ஏறுகிற பௌர்ணமி அலை. மத்தியாஸ் அலை நேரம் பார்க்க மறந்துவிட்டான். முதல் தடவை குக்குறுவான் கத்தியபோது ஆம்புரோஸ் விளையாடுகிறான் என்று நினைத்தான். படகில் இருந்த வெள்ளைக்காரர் துள்ளி எழுந்தார்: "அது மலைக் குருவி ஆயிற்றே! இங்கே எப்படி?" இரண்டாவது தடவை கத்தியபோது மத்தியாஸுக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்தது. ஆனால் படகை உள்ளே விட்டால், இடுப்பளவு சேற்றில் குருவிக்குப் பதிலாக அரைக்கால் சட்டையோடு ஒரு தமிழன் உட்கார்ந்திருப்பதை வெள்ளைக்காரர் பார்ப்பார். சிரிப்பார். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். காது நுனி சுட்டது. மரத்தில் ஏறிக்கொள்வான், இவரை இறக்கிவிட்டு ஓடி வந்துவிடலாம். மூன்றாவது தடவை கத்தியது, ஈரமாக.

"ரொம்ப அபூர்வம் சார்," என்றான் மத்தியாஸ். "இதுவரைக்கும் யாரும் இங்கே கேட்டதில்லை."

திரும்பிப் போனபோது அலை நிரம்பிக் கிடந்தது. ஒரு வேரின் உச்சியில் சோற்றுத் தூக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. திறக்காத தூக்கு.

போலீசுக்குப் போனால் அவன் அங்கே ஏன் உட்கார்ந்திருந்தான் என்று கேட்பார்கள். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று அகதாவிடம் சொன்னான். சொல்லாமல் போவாரா என்று ஒரு வாரம் அழுதாள். பிறகு அழவில்லை. அண்ணன் வீட்டிலேயே சமைத்துக்கொண்டு, வாசலில் வேன் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் குக்குறுவான் கத்திய அன்று வாசலில் வந்து நின்றது ஹார்டிங் என்ற கிழவரின் டாக்சி. போன வருஷத்து வெள்ளைக்காரரின் சிநேகிதர். கையில் ஒலிப்பதிவுப் பெட்டி, கழுத்தில் காது மூடி, முகத்தில் தேவாலயத்துக்கு வந்தவரின் பக்தி.

"எனக்கு வேறு எதுவும் வேண்டாம்," என்றார். "இது ஒன்று போதும்."

முன்னறையில், சிநேகிதர் போன வருஷம் படகில் பதிந்த கேசட்டைச் சுழல விட்டார். தண்ணீர் சலசலப்பு. குட்ரூ... ஸ்ஸ். இன்னொன்று. நீளமான இரைச்சல். மூன்றாவது. அதன் மேலேயே, தெளிவாக, மத்தியாஸின் குரல். ரொம்ப அபூர்வம் சார். விற்கிற குரல். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுகிறவனின் குரல். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று மத்தியாஸ் தரையைப் பார்த்தான்.

தலை நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அகதா நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு அவள் பாதத்தில் சொட்டியது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இது என்ன குருவிண்ணே?"

"அது... மலைக் குருவி."

"எங்க இருக்கு?"

"கோலா குலாவுல."

"நானும் வாரேன்."

"சேத்துல உனக்கு என்ன வேல? சுசா பிள்ள, ரொம்பக் கஷ்டம். கொசு தின்னுரும்."

"வெள்ளக்காரருக்குச் சோறு யாரு போடுறது? வாரேன்லா." சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தான்.

ஒன்றும் கத்தாது என்று வழி நெடுகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கத்த ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் படகில் சுற்றிவிட்டு, "அதிர்ஷ்டம் இல்லை சார்" என்று உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது.

சாயங்கால அலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சம்பான் படகு ஓடைக்குள் நுழைய நுழைய வெளிச்சம் தேநீர் நிறமாகிக்கொண்டே வந்தது. அழுகிய இலையும் நண்டும் உப்பும் சேர்ந்த வாடை, வேர்களின் முழங்கால்களில் தண்ணீர் நக்கும் சத்தம், சேற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்து மூடுகிற மெல்லிய 'ப்ளக்', தலைக்கு மேல் கூடு திரும்பும் நாரைகளின் சிறகு இழுப்பு. இவ்வளவும் அவனுக்குப் பழக்கம். பழக்கமில்லாதது, அவன் என்ஜினை நிறுத்தியதும் எல்லாமே சேர்ந்து நின்றுபோனதுதான்.

ஹார்டிங் காது மூடியை மாட்டி ஒலிவாங்கியைக் காட்டுப் பக்கம் நீட்டினார். பிறகு, குழப்பத்தோடு, அதைக் கீழே தாழ்த்தினார். தண்ணீரை நோக்கி.

"பக்கத்தில் இருக்கிறது," என்று கிசுகிசுத்தார். "மிக மிகப் பக்கத்தில். நீயே கேள்."

காது மூடி சூடாக இருந்தது. முதலில் இரைச்சல் மட்டும். அப்புறம் மூச்சு. குளிரில் பல் அடித்துக்கொள்கிற சத்தம். ஒரு பல் குறைகிற இடைவெளி அதில் தெளிவாக விழுந்தது. யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பொறுமையாக, தன் முறைக்குக் காத்திருந்தார்கள்.

மத்தியாஸ் காது மூடியைப் பிடுங்கினான். "போலாம் சார். இருட்டிடும்."

"பார்க்காமலா? போகவே மாட்டேன்."

என்ஜினைக் கிளப்பும் கயிற்றைத் தேடினான். இருக்கையில் இல்லை. காலடியில் இல்லை.

அகதாவின் மடியில் இருந்தது. இடக்கையில் மூன்று சுற்றாகச் சுற்றி வைத்திருந்தாள். வலக்கை படகுக்கு வெளியே.

"கயித்தக் குடு பிள்ள."

"இரு. எப்பவும் அவசரம் ஒனக்கு."

வலக்கை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தது. அளைந்து விளையாடவில்லை. அசையவில்லை. சந்தையில் கூட வருகிறவனின் கையைப் பிடித்திருப்பது போல, அவ்வளவு சாதாரணமாக.

படகு அவள் பக்கம் சற்றே சாய்ந்தது.

ஹார்டிங்குக்கு அதெல்லாம் தெரியவில்லை. மரங்களைப் பார்த்தபடி பென்சிலை எடுத்தார். அன்றைய நாள் முடிவதற்குள் கணக்குச் சொல்வது இவர்கள் வழக்கம். வழிகாட்டி பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பார்த்ததா கேட்டதா என்று சொல்ல வேண்டும்.

"பால் நாரை?" என்று அவரே ஆரம்பித்தார்.

"பார்த்தது சார்."

"மொட்டைத்தலைப் பெருநாரை?"

"பார்த்தது."

"குக்குறுவான்?"

மத்தியாஸ் வாயைத் திறந்தான். படகு விளிம்பில் விரல்கள் வந்திருந்தன. நான்கு. சேற்று நிறம். ஊறிப்போய்த் தோல் கையுறை மாதிரி கழன்று நின்றது. பெருவிரல் அகதாவின் முழங்கைக்குக் கீழே எங்கோ இருந்தது.

"அண்ணே." தமிழில், தாழ்ந்த குரலில், வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "அன்னிக்கு எத்தன தடவ கூப்புட்டாரு?"

உடம்பெல்லாம் சுட்டது. பயத்தில் இல்லை. பயமாக இருந்திருந்தால் தேவலை.

"சொல்லுண்ணே. பேப்பருல எழுதுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு பாரு."

"மூணு."

"நீ எத்தன தடவ போன?"

தண்ணீர் இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. விரல்கள் இறுகின. படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. குளிர்ந்த நாக்கு ஒன்று உள்ளே நீண்டு மத்தியாஸின் பாதத்தை நனைத்தது. ஹார்டிங் திரும்பவில்லை. பென்சில் முனை தாளின் மேல் நின்றது. பார்த்ததா, கேட்டதா?

அவனுக்கு இரண்டு கண்களையும் மூடிக்கொள்ளத் தோன்றியது. அகதா பார்த்துக்கொண்டிருந்தாள். மூடவில்லை.

விரல்களுக்குப் பின்னால் தண்ணீர் பிளந்தது. தலைமயிர். நெற்றி. பாசி படிந்து, திறந்திருக்கும் கண்கள். வாய் மட்டும் இன்னும் தண்ணீருக்குள்.

கூப்பிட்டது மூன்று. போனது ஒன்றுமில்லை.

வாய் மேலே வந்தது.

குட்ரூ... ஸ்ஸ்.

"ஒண்ணு," என்றாள் அகதா.

பாக்கி இரண்டு.