பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாத செடி

ஜன்னலுக்குக் கீழே இருந்த ஐந்து ரோஜாச் செடிகளில் நான்கு செத்துவிட்டன. ஐந்தாவது, இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கும்போதுகூட அவர் முகம் அவ்வளவு வாடாது.

"ஞாயித்துக்கிழமை கொத்தனார் வர்றார். இந்த இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடிடலாம்" என்றார்.

"மூடிட்டா அப்புறம் செடியே வைக்க முடியாதேப்பா?" என்றாள் மைனா.

"வேண்டாம்மா. இங்க பார்த்துக்க யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ரோஜாக்களை வைத்தது அம்மா. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அம்மாவைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் அழுதுவிடுவாரோ என்று மூன்று பேருக்கும் பயம். ஓயாமல் பேசுகிறாள் என்றுதான் மகளுக்கு மைனா என்று பெயர் வந்தது. அவளும் இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி. தம்பி பொடியன் இரண்டாம் வகுப்பு. அவன் கையில் கிடைப்பதில் பாதி சட்டைப் பைக்குள் போகும், மீதி வாய்க்குள் போகும்.

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள். அம்மா குனிந்து குனிந்து கொத்திய மண் அது. அதன்மேல் சிமெண்ட் பூச விடக்கூடாது என்று மைனா நினைத்தாள்.

அப்பா சொன்னதை அவள் திரும்பத் திரும்ப யோசித்தாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதானே? பார்த்துக்கொள்ளவே வேண்டாத செடியாக ஒன்று கிடைத்தால்?

மறுநாள் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடினாள். செத்துப்போன ரோஜா ஒன்றைக் காட்டிக் கேட்கலாம் என்று வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் இருந்த நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்கார அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வருகிறவர்களைத் திட்டிக்கொண்டேதான் செடி விற்பார்.

"அக்கா, பார்த்துக்கவே வேண்டாத செடி இருக்கா?"

"இருக்கே. பிளாஸ்டிக் சாமான் கடையில."

மைனா சிரிக்கவில்லை. அக்கா அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கையிலிருந்த மண்கொத்தியைக் கீழே வைத்தார்.

"சரி சொல்லு. எங்க வைக்கப் போற?"

"வீட்டுச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழ. மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில் அடிக்கும். ஜன்னல் என் கழுத்து உயரம். அதுக்கு மேல வளர்ந்தா ரூம் இருட்டாயிடும்."

"அட, அளவெடுத்துக்கிட்டே வந்திருக்கியா! யாரு பார்த்துப்பா?"

"யாரும் இல்ல."

சொல்லிவிட்டு மைனா தரையைப் பார்த்தாள். அக்கா அதைக் கவனிக்காததுபோல் எழுந்து நடந்தார்.

"இந்தா, அரளி. பாறையில வச்சாலும் பூக்கும்."

"விஷமாச்சே அக்கா. என் தம்பி எதையும் வாயில வைப்பான்."

"காகிதப்பூ?"

"முள்ளு இருக்கு. எங்கப்பா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுவார். அந்த வழியாத்தான் போகணும்."

"செம்பருத்தி?"

"எங்க ஸ்கூல்ல இருக்கு. மாவுப்பூச்சி வந்து, வாட்ச்மேன் தினமும் அதோட மாரடிக்கிறார்."

"பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு நொட்டை சொல்ல மாட்டாங்க!" என்றார் அக்கா.

மைனா அங்கே வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே, புழுதிக்கு நடுவில், ஒரு புதர் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. இலையெல்லாம் தூசி. ஆனாலும் பச்சையாக இருந்தது.

"அதுக்கு யாரு தண்ணி ஊத்தறா?"

"அதுக்கா? ஒருத்தரும் இல்ல. டிசம்பர் பூச்செடி. மழை பேஞ்சா குடிக்கும். பேயலேன்னா சும்மா கிடக்கும்."

"முள்ளு?"

"கிடையாது. விஷமும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிவிட்டா உன் இடுப்பு உயரத்தைத் தாண்டாது."

"அப்ப இதுதான்" என்றாள் மைனா. "மூணு வேணும். அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்."

அப்போதுதான் அக்கா அவளுடைய பையை எட்டிப் பார்த்தார். ரோஜாவை வெளியே எடுத்து, வேரை விரலால் நசுக்கினார். கறுப்பாகக் கூழ்போல் வழிந்தது. நாற்றம் அடித்தது.

"இது தண்ணியில்லாம சாகல. தண்ணியிலேயே அழுகிச் செத்திருக்கு. தினமும் எவ்வளவு ஊத்தின?"

"சாயங்காலம் செடிக்கு அரைச் சொம்பு. அம்மா அப்படித்தான் ஊத்துவாங்க."

"அரைச் சொம்புக்கு இப்படி அழுகாது. வேற யாரோ ஊத்தியிருக்காங்க. இதைச் சரிபண்ணாம டிசம்பர் செடியைக் கொண்டுபோனா, அதுவும் பொழைக்காது. சொல்லிட்டேன்."

வீடு வரைக்கும் மைனா அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அந்தச் செடிகள் சாகவில்லை.

அன்று சாப்பிடும்போது, வழக்கம்போல் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்பதா வேண்டாமா என்று மைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"அம்மாவோட ரோஜாவுக்கு யார் யார் தண்ணி ஊத்தினீங்க?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. பொடியன் உதட்டைப் பிதுக்கினான்.

"நான் மத்தியானம் ஊத்தினேன்" என்றான். "ஸ்கூல் பாட்டில் தண்ணிய குடிக்காம கொண்டுவந்து ஊத்தினேன். அப்புறம் பைப்புலயும் பிடிச்சு ஊத்தினேன். ஆனாலும் செத்துப்போச்சு. நான் சரியாவே ஊத்தல." சொல்லும்போதே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான்.

"நீ ஊத்தினியா?" என்று நிமிர்ந்தார் அப்பா. "நானும்தான்டா ஊத்தினேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வாளி. வாட வாட ரெண்டு வாளி ஆக்கினேன்."

"நான் சாயங்காலம் ஊத்தினேன்" என்றாள் மைனா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "உங்கம்மாவைத்தான் என்னால காப்பாத்த முடியல. அவ வச்ச செடியையாவது காப்பாத்தலாம்னு பார்த்தேன். அதுவும் என் கையில போச்சு. அதைத் தினமும் பார்க்க முடியாமத்தான் கொத்தனாரை வரச் சொன்னேன்."

மைனா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும் பார்த்துக்காம அது சாகலப்பா. மூணு பேரும் பார்த்துக்கிட்டோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம பார்த்துக்கிட்டோம், அதான்."

சனிக்கிழமை ஐந்தாவது ரோஜாவும் போய்விட்டது. அப்பா தானே அதைப் பிடுங்கினார். கிளை ஒடியாமல் மெதுவாகப் பிடுங்கினார். பிறகு மூன்று பேரும் நர்சரிக்குப் போனார்கள்.

ஞாயிறன்று கொத்தனார் சிமெண்ட் மூட்டையும் மணலுமாக வந்து இறங்கினார்.

"சிமெண்ட் வேண்டாம். மணலை மட்டும் குழியில கலந்துவிடுங்க, தண்ணி தேங்காது" என்றார் அப்பா.

"வீடு கட்டக் கூப்பிடுவாங்க, இடிக்கக் கூப்பிடுவாங்க. செடி நடக் கூப்பிட்டது நீங்கதான்" என்று முணுமுணுத்தபடி கொத்தனார் கடப்பாரையை எடுத்தார்.

சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மூன்று குழிகள். மூன்று செடிகள். பார்க்க ஒன்றும் அழகாயில்லை. மூன்று குச்சிகளில் நாலு நாலு இலைகள்.

"ஒரு செடிக்கு ஒரு சொம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள். மாசம் ஒண்ணு ஆனதும் வாரத்துக்கு ஒரு தடவை போதுமாம்" என்றாள் மைனா. "ஒருத்தர் ஊத்தணும். மத்த ரெண்டு பேரும் கூட நிக்கணும். அப்பதான் யாரும் தெரியாம ஊத்த மாட்டோம்."

சாயங்காலம் அப்பா முதலில் ஊற்றினார். மூன்றாவது செடிக்கு வந்தபோது தண்ணீர் இலைமேல் கொட்டியது.

"உங்கம்மா இருந்திருந்தா, 'இலை மேல ஊத்தாதீங்க, வேர்ல ஊத்துங்க'ன்னு இந்நேரம் சத்தம் போட்டிருப்பா" என்றார்.

சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார். மைனாவும் அழுதாள். இந்தமுறை யாரும் உள்ளே ஓடவில்லை.

பொடியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு என் முறை" என்றான்.

"நாளைக்கு யாருக்கும் முறை கிடையாது. நாளன்னைக்குத்தான்."

"அப்ப நாளைக்கு என்ன பண்றது?"

அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இடம் விட்டார். "சும்மா வந்து உட்காரலாம். அம்மாவைப் பத்திப் பேசலாம்."

"இன்னைக்கே பேசினா என்ன?" என்றான் பொடியன்.

இருட்டும்வரை மூன்று பேரும் உள்ளே போகவே இல்லை.