நாலாவது பாக்ஸ்

வாசல் ஸ்பீக்கர் பாக்ஸ் ‘டிட்டிட்... டிட்டிட்...’ என்று முனகியபோது ரீட்டா அடுப்படியில் பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிள்ளை தூங்கும் அறைக்கதவைச் சாத்த, கால் தானாகவே கிளம்பிவிட்டது. நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. யாருக்காகச் சாத்துவது? மாமனார் அருள்சாமியை அடக்கம் பண்ணி இன்றோடு முப்பது நாள். காலையில்தான் ஆவூர் கோயிலில் அவருக்குப் பூசை வைத்துவிட்டு வந்தாள்.

கத்தாரில் வேலை பார்க்கும் சார்லஸ் போன லீவில் வந்தபோது தன் கையால் பூட்டிய பாட்டு செட் அது. வாசலுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, அறைக்குப் போகும் நடைக்கு ஒன்று, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாலாட்டுப் போட அறைக்குள் ஒன்று என்று நாலு பாக்ஸ். ரீட்டாவின் டச் போனுக்கு அவை வாய் திறப்பதில்லை. மாமனாரின் பழைய பட்டன் போனில் அழைப்பு வந்தாலோ பேசினாலோதான் முனகும், அதுவும் எந்த பாக்ஸ் பக்கத்தில் போன் இருக்கிறதோ அது மட்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் சார்லஸ் அப்பாவைக் கூப்பிடுவான். அவர் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். ஹாலைத் தாண்டிவிட்டார், நடைக்கு வந்துவிட்டார் என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு ரீட்டா கதவைச் சாத்திவிடுவாள். நெஞ்சுச்சளிக்கு ஆறு மாசம் மாத்திரை தின்று முடித்தாயிற்று, இனித் தாராளமாகப் பேத்தியைத் தூக்கலாம் என்று நர்சம்மா வந்து சொல்லியும், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று அவளுக்கு மனசு வரவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, ஒரே ஒரு தடவை மடியில் போடு தாயி என்று கேட்பார். அப்புறம் இருமல்.

அவர் செத்தபோது சார்லஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் பட்டன் போனைத்தான் ரீட்டா பிணத்தின் காதோடு வைத்துப் பிடித்தாள். எம்புள்ளையத் தூக்காமலே போறீங்களேப்பா என்று அவன் கதறியது சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. உள்ளே பிள்ளை பிளெஸ்ஸி வீறிட்டாள். போனைப் பெட்டிக்குள் தலையணை ஓரம் செருகிவிட்டு ஓடியவள் திரும்புவதற்குள் ஆணி அடித்துவிட்டார்கள். யாரிடம் சொல்ல முடியும்? பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சார்லஸிடம் சொல்லிவிட்டாள்.

இடுப்பில் செருகியிருந்த டச் போன் அடித்தது. எடுத்தாள். சார்லஸ்தான்.

“அப்பா போனுக்கு சார்ஜ் போட்டியா ரீட்டா? பழக்கதோஷம், நெதமும் ஏழு மணிக்கு ரூம்காரன் போன்லேருந்து அந்த நம்பருக்கு அடிச்சுப் பாப்பேன். சுவிட்ச் ஆஃப்னே வரும். இன்னைக்கு ரிங் போகுது. இப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், எடு.”

“ஏங்க... அது பீரோவுல இல்லீங்க.”

“அப்பறம் எங்க இருக்கு?”

ஹால் பாக்ஸ் முனகியது.

வாசல்கதவு போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. செட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, சன்னமாக ஓடிய தாலாட்டுக்கு நடுவில் அந்த முனகல் நடந்து வருவதுபோல் வந்தது. கடைசி நாளில் அவர் நெஞ்சில் யாரோ தடவிய தைலத்தின் வாசனை, அதற்கு அடியில் நனைந்த செம்மண்ணின் வாசனை. மழை பெய்து ரெண்டு மாசமாகிறது. பிளக்கைப் பிடுங்கக் கை நீண்டது. பிடுங்கினால் முனகல் நிற்கும். வருவது நிற்குமா? எங்கே வருகிறதென்றுகூடத் தெரியாமல் போய்விடும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

நடை பாக்ஸ். அவள் தலைக்கு நேர் மேலே.

ஓடினாள். எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். கதவை இழுத்து அடித்துச் சாத்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போன் கீழே விழுந்தது. நடையில் முனகல் நின்றது. தாலாட்டு மட்டும். மூச்சு வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், நாலாவது பாக்ஸ் முனகியது.

தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக. வயசான கை போடுகிற மாதிரி.

“மாமா... கதவத் தெறங்க மாமா.”

உள்ளே பட்டன் போன் மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது.

தரையில் கிடந்த போனிலிருந்து சார்லஸின் குரல் வந்தது.

“எடுத்தாச்சு ரீட்டா... பாப்பா சிரிக்கிறா, கேக்குது.” கொஞ்சம் பொறுத்து, “பக்கத்துல யாரு இருமுறது?”

தூளிக் கயிறு கிறீச்சிட்டது. பாரம் ஏறியதுபோல். ஒரு ஆட்டம். இன்னொரு ஆட்டம்.

“ஒரே ஒரு தடவதான மாமா. தூக்கிட்டுக் குடுத்துருங்க.”

பிளெஸ்ஸியின் சிரிப்பு நின்றது.

தூளி ஆடிக்கொண்டேயிருந்தது. கதவிடுக்கு வழியாக ஈரச் செம்மண் சரிந்து சரிந்து வந்து, ரீட்டாவின் கால்விரல்களை மூடத் தொடங்கியது.