ஆறு இரண்டுக்கு வெளியேறியவர்

நான்கு என்று காட்ட வேண்டிய இடத்தில் திரை ஐந்து என்று காட்டியது.

யூரோங் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஓடுவது நான்கு நிரல்கள், எண்ணிக்கை ஐந்துதான். மூன்று நாளாக ஓடும் சோதனை மாலை ஆறு மணிக்கு முடிகிறது. இப்போது மணி நாலேகால். இதுவரை ஒரு துளித் தகவல்கூடச் சிந்தாமல் ஓடிய இயந்திரம் கடைசி நேரத்தில் காலை வாரப் பார்க்கிறது. சோதனை தேறினால் திங்கட்கிழமை முதல் அவள்தான் பிரிவுத் தலைவி. அந்தப் பதவிக்கான விலையை அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள், அதைத் திருப்பி வாங்கவும் முடியாது.

இயந்திரத்துக்குள் நடப்பது ஒன்றும் மாயமில்லை. கம்பி வழியே நொடிக்குக் கோடிக்கணக்கில் வந்து விழும் தகவலை ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஒரே நினைவகம். ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதுபோல, முதல் நிரல் அந்த நினைவகச் சட்டியை அடுப்பில் ஏற்றும். மற்ற மூன்றும் சட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தத்தம் சாப்பாட்டுக் குச்சிகளை அதே குழம்பில் விடும். சுவர் கிடையாது, மறைவு கிடையாது. இதை எழுதியவர் அந்தச் சட்டிக்குத் தன் பெயரையே வைத்திருந்தார்: கோ பிங்ஷுன். மார்ச் மாதம் அவர் செத்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்றினால் வேறெங்கோ உடையும் என்ற பயம். ஆவிகள் திரும்பி வந்து உலவும் என்று நம்பி, இறந்தவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத சீன நாட்காட்டியின் இந்த ஏழாம் மாதத்தில், யூரோங் மூன்று நாள் முன்பு நிரல்களைத் தொடங்க அந்தப் பெயரை நான்கு முறை தட்டச்சு செய்திருந்தாள்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கம்பெனி முழுதும் ஊதுபத்தியோடு நின்றது. நீளமான மேசைகளில் நூடுல்ஸ் பெட்டிகள், கோலா, வறுவல் பொட்டலங்கள். வருகிற 'நல்ல சகோதரர்கள்' முகம் கழுவ ஒரு பேசின் தண்ணீர், ஒரு புதுத் துண்டு. உலவ வரும் ஆவிகளை இந்த மாதத்தில் வேறு பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊதுபத்திப் புகை எந்தக் குழாய் வழியாகவோ ஏறி, ஜன்னலே இல்லாத இந்தக் குளிர்ந்த அறையில், விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே மெல்லிய இழையாக மிதந்தது.

ஐந்தாவது யார் என்று கேட்டாள். ஒரு எண் வந்தது. அந்த எண்ணுக்குரிய நிரல் எது என்று கேட்டாள். அப்படி ஒரு நிரல் ஓடவில்லை, அது முடிந்துவிட்டது என்றது இயந்திரம். ஆனால் பொது நினைவகத்தில் ஒரு மூலையை அதே எண் பிடித்துக்கொண்டிருந்தது. பிடியை விடவில்லை. யூரோங் அந்த மூலையைத் திறந்து பார்த்தாள்.

18:02. 18:02. 18:02. மூலை நிறைய அதுவே.

அந்த நேரம் அவளுக்குத் தெரியும். மார்ச் பதினொன்றாம் தேதி மாலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு பிங்ஷுன் வீட்டுக்குப் போய்விட்டதாக வருகைப் பதிவு சொல்கிறது. பதிவில் அப்படித்தான் இருக்கும். அவருடைய கார்டைத் தேய்த்தவள் யூரோங். கூடுதல் நேரம் கணக்கில் ஏறாதபடி ஆறு மணிக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு வந்து மறுபடி வேலையில் உட்காருவது எல்லோருக்கும் பழக்கம். அவர் எழுந்திருக்கவும் நேரமில்லாதவர். "தங்கச்சி, என் கார்டையும் சேர்த்துத் தேச்சிடு," என்பார், நெற்றிப்பொட்டில் பச்சைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே. மறுநாள் காலையில் இதே அறையில், இதே வரிசை முன்னால், நாற்காலியில் விறைத்துக் கிடந்தார்.

அளவுக்கு மீறிய வேலைதான் அவரைக் கொன்றது என்று வழக்குப் போட்ட அவர் மனைவி சுன்மெய், விசாரணை நாளன்று நீதிமன்ற வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யூரோங், ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி ஒரு நாளாவது அவரு வீட்டுக்கு வந்திருக்காரா? உனக்குத் தெரியாதா? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்." யூரோங் உள்ளே போய், அவர் தினமும் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், பிறகு ஏன் திரும்பி வந்தார் என்று தெரியாது என்று சொன்னாள். கையெழுத்தும் போட்டாள். சுன்மெய் வழக்கில் தோற்றாள். கம்பெனி செய்த ஒரே மாற்றம் இந்த அறைக்கு ஒரு புதுக் கதவு. உள்ளே வரவும் வெளியே போகவும் கார்டு. பதிவின்படி கட்டடத்தை விட்டுப் போனவருக்கு அது எந்தப் பக்கமும் திறக்காது.

சுவரில் உலோக வலை பதித்த அறை, கைபேசி வேலை செய்யாது. சுவர்த் தொலைபேசியை எடுத்தால் காவலாளி தியென்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

"என்ன பாப்பா, கும்பிட வரலையா?"

"வேலை இருக்கு அண்ணே. மேனேஜருக்குப் போடுங்க."

லியாவ் மேனேஜர் எதையோ மென்றுகொண்டே கேட்டார். "தகவல் ஏதாவது தவறிடுச்சா?"

"இல்ல சார். எண்ணிக்கைதான் ஒண்ணு கூடக் காட்டுது. இன்னொருத்தர் உள்ள இருக்கற மாதிரி."

"ஓடறது ஒழுங்கா ஓடுதில்ல? அப்போ எண்ணறதைச் சரி பண்ணு. இதுகூடவா நான் சொல்லணும்? இந்த மாதிரி விஷயத்துல நீ கெட்டிக்காரியாச்சே."

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுட்டது. ஆனாலும் சரிசெய்தாள். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக் காட்டு: ஒரே வரி. திரை நான்கு என்றது. இரண்டாவது முறையாக அவரைப் பதிவிலிருந்து வெளியே அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மேல், கும்பிட்டு முடித்தவர்கள் வீட்டுக்குக் கிளம்ப, ஊதுபத்தி வாசனை குறைந்து இன்னொரு வாசனை வந்தது. கூர்மையானது, கண்ணை லேசாகக் கரிக்கவைப்பது. தைலம். இயந்திர வரிசைகளின் இடுக்குகளில் போய் முகர்ந்து பார்த்தாள். போன இடமெல்லாம் அது ஒரு அடி முன்னால் இருந்தது. விசிறி இரைச்சலுக்கு அடியில் யாரோ விசைப்பலகையைத் தட்டும் ஓசை. நின்று கேட்டால் இல்லை. உட்கார்ந்தால் மறுபடி.

ஆறு மணிக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது. தேறியது.

அவள் சிரித்தாள், அல்லது அழுதாள். முடிவை அனுப்பிவிட்டுப் பையை எடுத்தாள். கழுத்துக் கார்டைக் கதவில் தேய்த்தாள்.

சிவப்பு விளக்கு.

'வெளியேறியவர். 18:02.'

கடிகாரம் ஆறு மூன்று என்றது. கார்டு அவள் கழுத்தில்தான் இருந்தது. நாள் முழுக்க அங்கேதான் இருந்தது. மறுபடி தேய்த்தாள். சிவப்பு. மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினாள். கம்பி கழற்றிய பொத்தான். யாரோ தோள் இடித்து ஒரு சோதனை பாழானதால் போன மாதம் கழற்றினார்கள். கழற்றச் சொல்லிக் கையெழுத்திட்டவளும் அவள்தான்.

தொலைபேசியை எடுத்தாள்.

"தியென் அண்ணே, யூரோங் பேசறேன். கதவு திறக்கல. கொஞ்சம் மேல வாங்க."

மறுமுனையில் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம்.

"அண்ணே?"

"யூரோங் பாப்பா போயிடுச்சு." அவர் குரல் நடுங்கியது. "இப்பதான். ஆறு ரெண்டுக்கு. திரையில பேரு வந்துது. பின்னாலயே இன்னொரு பேரும் வந்துது."

"நான் போகல அண்ணே. இங்கதான் இருக்கேன். யாரு பேரு?"

அவர் சொல்லவில்லை. இந்த மாதத்தில் சொல்ல மாட்டார். ஆளில்லாத அறையிலிருந்து குரல் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுத்து அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது. முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதை.

"கீழ மேசையில எல்லாம் வெச்சிருக்கோம். முகம் கழுவத் தண்ணி இருக்கு. வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போயிடுங்க. எங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"அண்ணே, நான்தான்..."

ரிசீவரை மேசைமேல் போடும் சத்தம். ஓடும் காலடிகள். இரும்புக் கதவு இறங்கும் சத்தம். இனி திங்கட்கிழமை. அதுவும் யாராவது தேடினால். ஆறு மணிக்கே வீட்டுக்குப் போனவளை இங்கே யார் தேடுவார்கள்?

பதிவின்படி அறையில் ஆளில்லை. விளக்குகள் அணைந்தன.

திரை மட்டும். சோதனை முடிந்து நான்கு நிரல்களும் போய்விட்டன. எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது.

அவள் கழித்ததையும் சேர்த்தால், இரண்டு.

தைல வாசனை. மிக அருகில். பின்னால்.

குளிர்ந்த இரண்டு விரல்கள் அவள் நெற்றிப்பொட்டுகளைத் தொட்டு, அவசரமே இல்லாமல், மெதுவாகத் தேய்க்கத் தொடங்கின.