வந்துட்டிருக்கா

மார்லாவின் பெயர்ச்சில்லு ஈரமாக இருந்தது.

பின்வாசல் நடையில், கதவை ஒட்டிய சுவரில், அந்த வீட்டில் தங்கியிருக்கும் பெண்கள் எல்லாருக்கும் பெயர் எழுதிய ஆளுக்கொரு மரச்சில்லு தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெளியே போகிறவள் சிவப்பைத் திருப்பிவிட்டுப் போவாள், வந்ததும் வெள்ளையாக்குவாள், கடைசிச் சிவப்பும் வெள்ளையான பிறகுதான் வாசல் விளக்கை அணைப்பார்கள். கிரெட்சன் நூலகத்திலிருந்து வந்து, பூட்ஸில் அப்பியிருந்த பனியை உதறிவிட்டு, தன் சில்லைத் திருப்பக் கையை நீட்டியபோது விரல் பக்கத்துச் சில்லில் பட்டது. மார்லா இறந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அது சிவப்பாகவே தொங்குகிறது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. வெந்நீர்க் குழாய்களின் சூட்டில் மற்றச் சில்லுகள் எல்லாம் உலர்ந்து கிடக்க, அது மட்டும் நனைந்து கறுத்திருந்தது. எதற்கென்று தெரியாமலே அவள் விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது. நெடுஞ்சாலையில் பனி உருகுவதற்காகக் கொட்டும் உப்பு.

யாரோ ஈரக் கையுறையோடு உரசியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு மாடியேறினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தன் வாயிலிருந்து விழுந்த சொல் அவளுக்கு நினைவிருந்தது.

இண்டியானாவின் அந்தச் சிறிய கல்லூரி ஊரில் அந்த வீட்டை நாற்காலி வீடு என்பார்கள். வாசல் மேல் மூன்று கிரேக்க எழுத்துகள் இருந்தாலும் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நாடெங்கும் கிளைகள் உள்ள, கல்லூரிப் பெண்களின் சகோதரிச் சங்கம் ஒன்று நடத்தும் வீடு அது; அந்தச் சங்கத்தின் கதையைப் புதிதாகச் சேருகிற பெண்கள் முதல் மாதமே மனப்பாடம் செய்தாக வேண்டும். பெண்களைக் கல்லூரியில் ஏற்றுக்கொண்ட முதல் ஆண்டு அது. ஐந்து பெண்களுக்கு வகுப்பின் பின்வரிசையில் ஐந்து நாற்காலிகள். பெயர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் அந்த நாற்காலி ஒரு பையனுக்குப் போய்விடும். ஒரு பனிப்புயல் நாளில் லவினியா என்ற ஐந்தாமவளைக் காணவில்லை. பேராசிரியர் பெயர் சொன்னதும் மற்ற நால்வரும் எழுந்து ஒரே குரலில் சொன்னார்கள்: "வந்துட்டிருக்கா." நாற்காலியைக் காப்பாற்றினார்கள். மாலையில் லவினியா வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எல்லாக் கிளைகளிலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வராதவளுக்காக அவளுடைய அக்காவோ தங்கையோ அந்த ஒரு சொல்லைச் சொல்லி இடம் பிடித்து வைப்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் வரும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது.

அந்த அக்கா, தங்கை உறவும் சங்கம் முடிச்சுப் போட்டுத் தருவதுதான். செப்டம்பரில் ஒரு மாலை கிரெட்சனின் கையில் ஒரு சிவப்புக் கம்பளி நூலின் நுனியைக் கொடுத்து, மறுமுனையில் இருப்பவள்தான் உன் பெரியவள், போய்க் கண்டுபிடி என்றார்கள். நூல் படிக்கட்டுக் கம்பிகளில் சுற்றி, துணி அலமாரிக்குள் புகுந்து, அடுப்படி வழியாக நிலவறைக்கு இறங்கியது. அங்கே கொதிகலனுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நிலக்கடலை வெண்ணெயை ஜாடியோடு ஸ்பூனால் தின்றபடி மார்லா உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்டி குட்டி. நூலைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போச்சு. நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டியா?"

பன்றிப்பண்ணையிலிருந்து வந்த ஒற்றைப் பிள்ளை கிரெட்சன். அதற்கு முன் அவளை யாரும் குட்டி என்று கூப்பிட்டதில்லை. மார்லா கல்லூரி உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை பார்த்தாள், திங்கட்கிழமைகளில் கூட்டத்துக்குப் பிந்தித்தான் வருவாள். இலையுதிர்காலம் முழுக்க கிரெட்சன் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருந்தது. பிறகு கதவு திறக்கும், சோப்பு வாடையோடு மார்லா வந்து இடதுபக்க நாற்காலியில் விழுந்து, ஈரக் கையால் அவள் கட்டைவிரலை இரண்டு முறை அழுத்துவாள்.

ஜனவரியில் கிரெட்சனுக்குப் பேட்ஜ் குத்துவதாக இருந்தது. நாற்காலி வடிவில் நகம் அளவே உள்ள பொன் பேட்ஜ். அதை இதயத்துக்கு மேலே குத்தும் உரிமை பெரியவளுக்கு மட்டும்தான். மார்லாவின் விரல்களுக்கு அந்தப் பொடிக் கொக்கி பிடிபடவே பிடிபடாது. ஒத்திகை பார்த்தபோதெல்லாம் கிரெட்சனைக் குத்திவிட்டு, "அசையாதேடி குட்டி, ரத்த பந்தம்னா சும்மாவா" என்பாள். தன் அம்மா அந்தக் காலத்தில் அணிந்த பேட்ஜையே தங்கைக்குக் குத்த வேண்டும் என்று வீட்டுக்குப் போனாள். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் உறைபனி. காரை மறுநாள் ஆற்றிலிருந்து இழுத்தெடுத்தார்கள். மார்லாவை அவளுடைய ஊரில் புதைத்தார்கள். பேட்ஜ் மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த வார ஞாயிறு மாலையில், பேட்ஜ் குத்தும் சடங்குக்கென்று வைத்திருந்த நேரத்தில், அவளுக்கு விடைகொடுக்கும் சடங்கு நடந்தது. சங்கத் தலைவி ரோண்டா மெழுகுவத்தி ஏற்றி இறந்தவளின் பெயரை மூன்று முறை கூப்பிடுவாள். யாரும் பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது மௌனத்துக்குப் பிறகு சுடரை அணைப்பார்கள், நாற்காலியைச் சுவரோடு திருப்பிவைப்பார்கள். அவ்வளவுதான் சடங்கு.

"மார்லா ஹேன்ஷா," என்றாள் ரோண்டா மூன்றாவது முறையாக.

"வந்துட்டிருக்கா."

கிரெட்சன் எழுந்து நின்றிருந்தாள். பழகிய வாய் சொன்னதா, மனம் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை.   சுடரை ரோண்டா அணைக்கவில்லை. அது தானாகவே உருகித் தீர்ந்தது. துக்கம் என்று மறுநாள் திங்கட்கிழமைக் கூட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் மேல்மாடியில் ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்களில்தான் படுப்பார்கள். எந்தக் குளிரிலும் அந்தக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தக் கூடாது என்பது தொன்றுதொட்ட பழக்கம். கடிகார மணி அடித்து எல்லாரையும் எழுப்பவும் கூடாது. நாளுக்கு ஒருத்தியாக எழுப்பும் முறைக்காரி வந்து, எழ வேண்டியவளின் காலைத் தொட்டு எழுப்புவாள். ஈரச் சில்லைப் பார்த்த மறுநாள் விடியலில், போர்வைக் குவியலுக்கு அடியில், பக்கத்துக் கட்டில்காரிகளின் மூச்சையும் ஜன்னல் விளிம்பில் பனித்துகள் உரசும் மெல்லிய ஓசையையும் கேட்டபடி கிரெட்சன் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது, ஒரு கை போர்வைக்குள் நுழைந்து அவள் காலின் கட்டைவிரலைப் பிடித்தது. இரண்டு முறை அழுத்தியது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பயம் வருவதற்கு முன்னால் சந்தோஷம் வந்தது. அதுதான் பிறகு அவளை மிகவும் பயமுறுத்தியது.

"உன்னை எழுப்பச் சொல்லி நீ சொல்லவே இல்லையே," என்றாள் அன்றைய முறைக்காரி. "நானே இப்பதான் எழுந்தேன்."

கிரெட்சனின் காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெந்நீர்க் குழாய்மேல் போட்டதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது.

சனிக்கிழமை காலையில் ரொட்டி வண்டிக்காரர் அடுப்படி வாசலில் நின்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பீல் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கிரெட்சன் உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுங்களுக்குக் கோட்டு கீட்டு எதுவும் கெடயாதாம்மா? பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி வெறும் ஸ்வெட்டரோட நடந்து வர்றா. உங்க எழுத்து போட்ட ஸ்வெட்டர். வண்டிய நிறுத்தி ஏறிக்கோன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. வந்துட்டிருக்கேன், வந்துட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டே போறா. பசங்க குடிக்க வச்சிருப்பானுங்க போல."

பீல் அம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். பகலில் அவர் தாழ்ப்பாள் போட்டு யாரும் பார்த்ததில்லை. ரோண்டாவை வரச்சொன்னார். மூவரும் அடுப்படி மேசையில் உட்கார்ந்தார்கள்.

"ஏண்டி, தலைமையகத்துக்கு நான் என்னன்னு எழுதுறது," என்றாள் ரோண்டா. "செத்தவ வந்துட்டிருக்கா, நாற்காலிய வச்சிருக்கோம்னா? அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" கேலியாகத்தான் தொடங்கினாள். குரல் பாதியில் உடைந்தது. "எனக்கும்தான்டி அவ வேணும். அவ எனக்குப் பக்கத்துக் கட்டில்டி."

பீல் அம்மா கிரெட்சனின் கையைப் பிடித்துக்கொண்டார். "லவினியா கதை உனக்குத் தெரியும்ல. வந்தா, உக்காந்தா. அதோட கதைய முடிச்சிடுறாங்க. அப்புறம் அவ பரீட்சை எழுதினாளா, கல்யாணம் கட்டினாளா, ஒண்ணுமே கெடயாது. வந்து உக்காந்தவ ஒரு வார்த்த பேசினதாக்கூட இல்ல. முப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், அதுக்கு மேல யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

"அவ குளிர்ல நடக்கறா," என்றாள் கிரெட்சன்.

"நீ சொன்ன சொல்லுக்குத்தான் நடக்கறா கண்ணு. நீதான் அவள நிறுத்தணும். திங்கக்கெழம ரோண்டா திரும்பக் கூப்பிடுவா. நீ வாயத் தெறக்காத. அவ்வளவுதான். அந்தப் பிள்ள திரும்பிப் போய்ப் படுக்கட்டும்."

கிரெட்சன் தலையாட்டினாள். அன்றிரவும் மறுநாள் இரவும் அந்தச் சிவப்பு நூலை உருண்டையாகச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வரட்டும் என்று ஒரு மனம். வேண்டாம் என்று ஒரு மனம். நூலின் ஒரு முனையை விட்டால் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். பண்ணைக்குத் திரும்பிப் போகிற மாதிரி.

திங்கட்கிழமை மாலை ஆறுமணிக்கே வெளியே இருட்டிவிட்டது. மாடியில் கூட்ட அறையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கிரெட்சனின் இடதுபக்க நாற்காலி காலி. மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. ரோண்டா மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, இருக்கேன், இருக்கேன் என்று குரல்கள் வட்டத்தைச் சுற்றி வந்தன.

"மார்லா ஹேன்ஷா."

கீழே பின்கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு.

கிரெட்சன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மார்லா ஹேன்ஷா."

படிக்கட்டு. ஒவ்வொரு படியாக. ஊறிய செருப்பு மரத்தில் அழுந்தும் ஓசை. அவசரமே இல்லை. தட்டுக் கழுவிக் களைத்து வருகிறவளின் நடை. கிரெட்சனுக்கு அந்த நடை தெரியும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு எத்தனை திங்கட்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நிலைப்படியில் நின்றது.

ரோண்டா அழுதாள். அழுதுகொண்டே மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

கிரெட்சன் உள்ளங்கையைக் கடித்தாள். தோல் கிழிந்தது. சொல்லவில்லை. போ மார்லா. போய்ப் படு. சொல்லவில்லை.

ரோண்டா சுடரை அணைத்தாள். புகை நேராக எழுந்தது. கதவுக்கு வெளியே ஓசை இல்லை. எதுவுமே இல்லை.  கிரெட்சன் குனிந்து, முழங்காலில் முகம் புதைத்து, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக விசும்பி விசும்பி அழுதாள். அவளை அனுப்பிவிட்டாள். அவளேதான் அனுப்பினாள்.

வழக்கப்படி மற்றப் பெயர்களையும் கூப்பிட்டு முடிக்க வேண்டும். ரோண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். கடைசிப் பெயர்.

"கிரெட்சன் வெய்ட்."

அழுகையில் குரல் எழவில்லை. ஒரு கணம் பிந்திவிட்டது.

இடதுபக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டிருக்கா."

தண்ணீர் நிறைந்த வாயிலிருந்து வந்த குரல். அன்பான குரல். தங்கைக்கு இடம் பிடித்து வைக்கும் குரல்.

யாரும் அலறவில்லை. எல்லாரும் கிரெட்சனின் நாற்காலியைப் பார்த்தார்கள். அவளை அல்ல. நாற்காலியை. காலியான ஒன்றைப் பார்க்கும் பார்வை. ரோண்டா வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "கிரெட்சன் எங்க? இப்பதானே இங்க இருந்தா?"

இருக்கேன். இங்கதான் இருக்கேன். வாய் திறந்தது. ஆற்று நீரின் சுவை. ஒலி வரவில்லை.

கீழே நடையில் ஒரு சில்லு ஆணியில் உரசித் திரும்பியது. பிறகு இன்னொன்று. ஒன்று வெள்ளைக்கு, ஒன்று சிவப்புக்கு.

கிரெட்சன் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து தன் மார்பைத்தான் பார்த்தாள். அங்கே ஒரு கை. நீலம் பாய்ந்து ஊறிய விரல்கள். இரண்டு பேரும் சேர்ந்து பூசிக்கொண்ட பவள நிற நகப்பூச்சு இன்னும் பாதி மிச்சம். விரல்களுக்கு இடையே பொன்னில் ஒரு சின்ன நாற்காலி.

"அசையாதேடி குட்டி."

எப்போதும் போல அந்தக் கொக்கி அந்த விரல்களுக்குப் பிடிபடவில்லை. ஊசி துணியைத் தாண்டியது. தோலைத் தாண்டியது. பொறுமையாக, மிகப் பொறுமையாக, இன்னும் உள்ளே தேடிக்கொண்டிருந்தது.